முண்டம் ஒரு ஊரில், தலை ஒரு ஊரில்

"அப்பா, நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கார் சாவியால் வலது காதைக் குடைந்துகொண்டிருந்த அப்பா கண்ணைத் திறக்காமலே "நல்லது" என்றார். அந்தச் சுகத்தில் இருக்கும்போது அவரிடம் வீட்டையே எழுதி வாங்கிவிடலாம். மகளுக்கு அது தெரியும். நேரம் பார்த்துத்தான் பேச்சை எடுத்திருந்தாள்.

"பையன் யாரு?"

"தலைக்காரர் மகன்."

சாவி நின்றது. கண் திறந்தது.

"எந்தத் தலைக்காரர்?"

"ஊர் உலகத்துல இருக்கிறது ஒரே தலைக்காரர்தானேப்பா."

"முதல்ல அந்தச் சாவியை வெளியே எடுங்க. காதுக்குள்ள பூட்டா இருக்கு?" என்றாள் அம்மா.

அம்மா காது, மூக்கு, தொண்டை டாக்டர். பகலெல்லாம் ஊரார் காதிலிருந்து பஞ்சு, பாசிமணி, பென்சில் முனை என்று தோண்டி எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், கட்டிய கணவர் காதில் சாவி. எத்தனையோ தடவை கெஞ்சியாயிற்று, மிரட்டியாயிற்று. சாவியைப் பிடுங்கினால் பேனா மூடி வரும். பேனாவைப் பிடுங்கினால் விரல் இருக்கிறது. விரலை எங்கே ஒளித்துவைப்பது?

அப்பா சாவியை மேசைமேல் வைத்தார். "தலை இந்த வீட்டுக்குள்ள வந்தா, அதுக்கப்புறம் அந்தப் பையன் வரட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

இதைக் கேட்டு யாரும் பதறவேண்டாம். அவர் கேட்டது கல்லால் ஆன தலையை.

இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு பெரிய மண்மேடு இருந்தது. அதன் அடியில், எழுத்து என்று ஒன்று தோன்றுவதற்கும் முந்தைய பழைய நகரம் ஒன்று. ஊர் எல்லைக்கோடு போட்டவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. அளவு நாடாவைப் பிடித்து, மேட்டின் நட்டநடுவில் கோடு இழுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பின்னால் இந்தப் பக்கம் இவர்கள் தோண்டினார்கள், அந்தப் பக்கம் அவர்கள் தோண்டினார்கள். இந்தப் பக்கம் தலையில்லாத ஒரு கல் மனிதன் கிடைத்தான். அகன்ற மார்பு, முழங்கையில் மடங்கி மேலே உயர்ந்த வலது கை. மணிக்கட்டுக்கு மேல் கை உடைந்து போயிருந்தது. அந்தப் பக்கம் உடம்பில்லாத ஒரு தலை கிடைத்தது. ஒரு கண் மூடியிருந்தது, மற்றது பாதி மூடியிருந்தது. உதட்டோரம் ஒரு சிறு புன்னகை. வலது காதில் மட்டும் ஏதோ ஒரு சிறு கல் துருத்திக்கொண்டிருந்தது.

பள்ளிக்கூடம் போகாத குழந்தையாக இருந்தால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்திருக்கும். கெட்ட நேரம், இரண்டும் அறிஞர்கள் கையில் கிடைத்தன. இரண்டு ஊரிலும் இரண்டு அருங்காட்சியகங்கள் எழும்பின. இந்த ஊர் அருங்காட்சியகத்தின் காப்பாட்சியரான அப்பாவை முண்டக்காரர் என்றும், அந்த ஊர்க்காரரைத் தலைக்காரர் என்றும் ஜனங்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். முகத்துக்கு நேரே யாரும் முண்டக்காரர் என்று கூப்பிட்டதில்லை. வீட்டில் கோபம் வந்தால் அம்மா மட்டும் அதில் பின்பாதியை விட்டுவிட்டுக் கூப்பிடுவாள்.

முண்டக்காரருக்கு அந்தக் கல் மனிதன் சாதாரண ஆளில்லை. ஈட்டி எறியும் வேந்தன். உயர்ந்த கையில் ஈட்டி இருந்தது, அதை எறிந்த வேகத்தில் கையே போய்விட்டது என்று தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம் எழுதியிருந்தார். சிலை கிடைத்த இடத்தில் ஒரு செங்கல் அறையும் இருந்தது. தரை ஒரு பக்கமாகச் சரிந்து, மூலையில் ஒரு வடிகாலில் போய் முடிந்தது. சுவரோரமாக நீளத்துக்கு ஒரு கல் திண்டு. அது வேந்தனின் பலிக்கூடம்; பகைவர் ரத்தம் வடிந்தோடிய வாய்க்கால்தான் அது. அந்த அறையின் மாதிரியை அருங்காட்சியகத்தில் கட்டி, வடிகாலுக்குள் ஒரு சிவப்பு பல்பும் போட்டிருந்தார். பார்க்க வந்தவர்கள் அதன் முன்னால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

தலைக்காரர் வேறு கட்சி. அவருக்கு அது மௌன முனிவர். மூடிய கண் உள்ளத்தைப் பார்க்கிறது, பாதி மூடிய கண் உலகத்துக்கு விடை கொடுக்கிறது. காதில் இருப்பது ஞானக் குண்டலம். அதன்மேல் வளைவாக ஒரு கோடு செதுக்கியிருந்ததால் பிறைக் குண்டலம் என்றும் பெயர் வைத்தார். ஒரு காதில் மட்டும் ஏன் என்று கேட்டவர்களுக்கு, "இன்னொரு காது இன்னும் பக்குவப்படலை" என்று பதில் சொன்னார். தலையை ஓர் இரும்புக் கம்பியில் நேராக நிமிர்த்தி நிறுத்தி, முன்னால் பாய் விரித்திருந்தார். ஜனங்கள் வந்து உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அமைதியடைந்து போனார்கள்.

வருஷா வருஷம் இவர் அவரிடம் தலையைக் கேட்பார், அவர் இவரிடம் உடம்பைக் கேட்பார். இரண்டு பேரும் கொடுக்கமாட்டார்கள். கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்பதை இரண்டு பேருமே யோசித்ததில்லை.

இந்த அழகில்தான், உடைந்த சிலைகளை ஒட்டிச் சீர்செய்யும் பயிற்சிக்கு இரண்டு ஊரிலிருந்தும் ஆள் கேட்டார்கள். முண்டக்காரர் தன் மகளை அனுப்பினார், தலைக்காரர் தன் மகனை. அங்கே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: பூசின இடம் தூரத்திலிருந்து பார்த்தால் தெரியக்கூடாது, கிட்டே வந்து பார்த்தால் தெரிந்தே ஆகவேண்டும். தெரியாமல் பூசினால் அது சீர்செய்வது இல்லை, ஏமாற்று வேலை. இருவரும் பாடத்தை நன்றாகப் படித்தார்கள். பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து படித்ததில் வேறு சிலதும் ஒட்டிக்கொண்டது.

அப்பா எழுந்து போன நாளிலிருந்து மகள் மூன்று நாள் சாப்பிடாமல் இருந்ததாகவும், அம்மா அவளுக்கு அறைக்கதவு வழியாகச் சாப்பாடு கொடுத்ததாகவும் கேள்வி. எப்படியோ ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைக்காரரும் மகனும் பேச வந்துவிட்டார்கள்.

தலைக்காரர் மெலிந்த மனிதர். மெல்லிய குரல். பல வருஷம் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவருக்கும் ஒரு கண் பாதி மூடியே இருந்தது.

"உங்க பொண்ணு எங்க வீட்டுக்கு வரட்டும் சார். எனக்குப் பூரண சம்மதம். கூடவே அந்த உடம்பையும் அனுப்பிடுங்க."

"வரதட்சணை கேக்குறீங்களா?"

"சே சே! கல்லைத்தானே கேக்குறேன்."

"ஏன், உங்க தலை இறங்கி வரக்கூடாதோ?"

"உடம்பு தலையைத் தேடி வர்றதுதான் சார் முறை. தலை போய் உடம்புகிட்ட நிக்கலாமா?"

"உங்க ரெண்டு பேராலயும் தலைவலிதான் என்னைத் தேடி வருது" என்றாள் அம்மா. "வந்த விஷயத்தைப் பேசுங்க. பிள்ளைங்க கல்யாணம்."

"அதைத்தான் பேசறோம்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு வாக்கியத்தில்தான்.

பேச்சு சூடேறியது. "உங்க முனிவரைக் கொண்டுவந்து என் வேந்தன் கழுத்துல வைங்க சார். கண்ணு செவந்து, மீசை துடிக்க எழுந்து நிப்பார்!" என்றார் முண்டக்காரர்.

"வெச்சா உங்க வேந்தன் ஈட்டியைக் கீழ போட்டுட்டு அழுவான்."

"பொருத்திப் பாத்துடலாமா?"

"பாத்துடலாம். பத்திரிகைக்காரங்க முன்னாடியே பாத்துடலாம்!"

கோபத்தில் சொன்ன வார்த்தைக்குக் கால் முளைத்துவிட்டது. எல்லைக்கோட்டின் மேலேயே, பாதி இந்த ஊரிலும் பாதி அந்த ஊரிலுமாக நின்ற பெரிய மண்டபத்தைப் பிடித்தார்கள். நாற்காலிக்கும் பந்தலுக்கும் சொல்லியாயிற்று. அழைப்பிதழ் அச்சாகி ஊரெல்லாம் போயிற்று. யார் சொன்னது சரியோ அவர் ஊருக்குச் சிலை என்று ஒப்பந்தம்.

"அப்போ எங்க கல்யாணம்?" என்று மகள் கேட்டாள்.

"ஜெயிச்சவர் மனசு குளிர்ந்து சம்மதம் சொல்லுவார்."

"தோத்தவர்?"

அப்பாவின் கை கார் சாவியைத் தேடிப் போனது. தோற்றவர் வீட்டுக் கதவு ஜென்மத்துக்கும் திறக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளப் போவது தானா அவனா என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது.

மறுநாளே அவனுக்கு போன் செய்தாள். "உங்க கடைல முனிவர் தலை விப்பீங்கல்ல? அச்சு அசல் அளவுல ஒண்ணு எடுத்துட்டு வாடா. எங்க கடைல வேந்தன் இருக்கான். அவங்களுக்கு முன்னாடி நாம பொருத்திப் பாத்துடலாம்."

இரண்டு அருங்காட்சியகங்களும் வாசலில் கடை போட்டு, அசல் சிலையிலிருந்து அச்செடுத்த சுண்ணாம்புச் சாந்து நகல்களை விற்றுக்கொண்டிருந்தன. அசலில் இருக்கும் கீறல், உடைசல், கழுத்து முறிவு எல்லாம் நகலிலும் அப்படியே இருக்கும். அவன் ஒரு தலையைப் பழைய போர்வையில் சுற்றி, மூக்கு உடையாமலிருக்க ஹெல்மெட்டும் மாட்டி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தான். வழியில் நின்ற போலீஸ்காரர், பின்னால் உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் குள்ளம் என்று நினைத்ததோடு சரி.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போனபிறகு, பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு, அவள் உடம்பைப் பிடித்துக்கொள்ள அவன் தலையைத் தூக்கிக் கழுத்தில் வைத்தான். ஒருதரம் லேசாகத் திருப்பினான். டக்கென்று உட்கார்ந்தது. மயிரிழை இடைவெளி இல்லை.

ஆனால் தலை நேராக நிற்கவில்லை. வலது தோள்பக்கம் சாய்ந்து உட்கார்ந்தது.

"கம்பில நிமிர்த்தி நிறுத்தினதால இந்தச் சாய்வு யாருக்குமே தெரியாமப் போயிருக்கு" என்றான் அவன்.

அவள் குனிந்து பக்கவாட்டில் பார்த்தாள். சாய்ந்த தலையின் காதுக்கும், உயர்ந்த கையின் உடைந்த மணிக்கட்டுக்கும் நடுவே ஓர் உள்ளங்கை அகலம்தான் இருந்தது. ஓர் உருண்டை களிமண்ணை எடுத்தாள். மணிக்கட்டில் ஒட்டி ஒரு கையைப் பிடித்தாள். நான்கு விரல்களை மடக்கிவிட்டு, சுண்டுவிரலை மட்டும் நீட்டினாள். விரல் நீண்டு போய் ஞானக் குண்டலத்தில் சேர்ந்தது. அது குண்டலம் இல்லை, விரல் நுனி. பிறை என்று பெயர் வாங்கிய அந்த வளைகோடு, நகம். சிற்பி நகத்தைக்கூட விடாமல் செதுக்கியிருந்தான்.

இருவரும் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தார்கள். ஒரு கண் மூடி, ஒரு கண் சொருகி, தலை சாய்ந்து, உதட்டோரம் அந்தப் புன்னகையோடு ஓர் ஆள் சொக்கிப்போயிருந்தான்.

"இவர் என்ன பண்றார்னு நான் சொன்னா நீ சிரிப்ப."

அவள் ஏற்கெனவே வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள். "எங்கப்பா! அப்படியே எங்கப்பாடா! கைல கார் சாவிதான் இல்லை!"

கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். முதலில் நிறுத்தியது அவன்தான்.

"அம்மா போனதுலேருந்து எங்கப்பா அந்தத் தலையோடதான் பேசறார். தினம் காலைல அது முன்னாடி உக்காந்துதான் டீ குடிப்பார். அத்தனை பேர் முன்னாடி மேடைல இதைப் பாத்தா..."

அவளுக்கும் சிரிப்பு நின்றது. இத்தனை நாள் ஜெயிக்கிறவர், தோற்கிறவர் என்று கணக்குப் போட்டார்கள். இதில் இரண்டு பேரும் தோற்கிறார்கள். இரண்டு வீட்டுக் கதவும் சாத்திக்கொள்ளும்.

"மேடைல தெரியறதுக்கு முன்னாடி இங்க தெரியட்டும்" என்றாள் அவள். "உங்கப்பாவைக் கூட்டிட்டு வா. நான் எங்கப்பாவைக் கூட்டிட்டு வரேன். அம்மாவையும் வரச்சொல்றேன்."

"அத்தை எதுக்கு?"

"யாராவது மயங்கி விழுந்தா வேணும்ல?"

மறுநாள் இரண்டு காப்பாட்சியர்களும் பட்டறையில் நின்றார்கள். மகள் துணியை விலக்கினாள். இரண்டு பேரும் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள். ஒரு வாழ்நாள் ஆராய்ச்சி சட்டென்று சாய்ந்துவிடுமா? முதலில் சுதாரித்தவர் முண்டக்காரர்.

"நான் சொல்லலை? போர்க்களம்! காதுல கை வெச்சு, எதிரிப்படை வர்ற காலடியைக் கேக்குறான்!"

"ஒரு கண்ணை மூடிக்கிட்டா?" என்றார் தலைக்காரர். "சார், இது நாதம். உள்ளே ஒலிக்கிற நாதத்தை வெளிச்சத்தம் கலைக்காம இருக்க, செவியை விரலால அடைச்சிருக்கார். மகாஞானி!"

"ஞானிக்கு எதுக்கு இத்தனை அகல மார்பு?"

"மூச்சுப் பயிற்சி!"

அப்போது கிளினிக்கிலிருந்து வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே அம்மா உள்ளே வந்தாள். சிலையைப் பார்த்தாள். சுற்றிவந்து காதருகே குனிந்து பார்த்தாள். பழக்கதோஷத்தில் கை, கோட்டுப் பைக்குள் இருந்த காது பார்க்கும் டார்ச்சைத் தேடியது.

"வலது காது. நல்லா ஊறிப்போய் இருக்கு. குளிச்சுட்டு வந்து குடையறார். தண்ணி போன காது இப்படித்தான் அரிக்கும்." கணவரை ஒரு பார்வை பார்த்தாள். "இவருக்கு ஒரு டாக்டர் பொண்டாட்டி இல்லபோல. பாவம், நிம்மதியா இருந்திருக்கார்."

"குளிச்சுட்டுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் முண்டக்காரர்.

"நீங்கதானே இவர் கிடைச்ச ரூமைக் கட்டி வெச்சிருக்கீங்க? சரிஞ்ச தரை, மூலைல தண்ணி போக வழி, உக்கார ஒரு திண்டு. நம்ம வீட்டு பாத்ரூம்லயும் அதேதான். என்ன, நம்ம வீட்ல செவப்பு பல்பு இல்லை."

முண்டக்காரர் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். தலையணை கனத்துப் புத்தகத்தின் பக்கங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன்னால் உதிர்ந்தன. தலைக்காரர் மட்டும் சிலைக்கு முன்னாலேயே நின்றார். அவருடைய பாதி மூடிய கண் அன்றைக்குத்தான் முழுதாகத் திறந்திருந்தது.

"இத்தனை வருஷம்" என்றார் மெல்ல. "என் கஷ்டத்தையெல்லாம் இவர்கிட்ட சொன்னேன். கேட்டுக்கிட்டுத்தான் சிரிக்கிறார்னு நெனச்சேன்."

மகன் அப்பாவின் தோளில் கைவைத்தான். அம்மா இன்னொரு ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினாள்.

திடீரென்று முண்டக்காரர் துள்ளி எழுந்தார். "சார்! மண்டபம்!"

"ஐயையோ, அழைப்பிதழ்!"

"பத்திரிகைக்காரங்க அத்தனை பேரும் வராங்க!"

"நாற்காலிக்கெல்லாம் சொல்லியாச்சு!"

பரம எதிரிகள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்ததை அவர்களே கவனிக்கவில்லை. வேந்தனுக்குக் காய்ச்சல் என்று சொல்ல முடியாது. முனிவர் வெளியூர் போயிருக்கிறார் என்றும் சொல்ல முடியாது. இருவரையும் நன்றாகக் காயவிட்டு மகள் வாயைத் திறந்தாள்.

"ஒரு வழி இருக்கு. சண்டைன்னாதானே சோதனை? ரெண்டு ஊரும் சம்பந்தியாயிட்டா எதுக்குச் சோதனை? அதே மண்டபம், அதே நாள், அதே நாற்காலி. வர்றவங்க வந்து சாப்பிட்டுட்டு, வாழ்த்திட்டுப் போகட்டும்."

இரண்டு அறிஞர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சம்பந்தி" என்றார் முண்டக்காரர்.

"சொல்லுங்க சம்பந்தி" என்றார் தலைக்காரர்.

"ஒரு நிபந்தனை" என்றாள் மகள். "நாங்க ரெண்டு பேரும் பூச்சு வேலைக்காரங்க. தெரியாமப் பூசறது எங்களுக்கு ஆகாது. இந்த நகல் எங்க வீட்டு ஹால்ல நிக்கும். நீங்க ரெண்டு பேரும் ரிட்டையர் ஆன மறுநாள், அசலையும் இதே மாதிரி சேர்ப்போம். அதுவரைக்கும் யாராவது கிட்ட வந்து கேட்டா, பொய் சொல்லமாட்டோம்."

"கிட்ட வந்து கேட்டாத்தானே?" என்றார் முண்டக்காரர் ஆவலோடு.

"கேட்டாத்தான்."

"யாரு கேக்கப்போறாங்க?" என்று தலைக்காரர் பெருமூச்சு விட்டார். "இத்தனை வருஷத்துல குண்டலத்துக்கு நகம் எப்படின்னு ஒருத்தர் கேட்டதில்லை."

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. தலையும் உடம்பும் சேர்வதைப் பார்க்க வந்த கூட்டம், மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்வதைப் பார்த்துவிட்டு வயிறாரச் சாப்பிட்டது. சோதனை என்ன ஆயிற்று என்று கேட்ட பத்திரிகைக்காரர்களிடம் சம்பந்திகள் இருவரும் ஒரு கூட்டறிக்கை கொடுத்தார்கள். தலை ஓர் இடத்திலும் உடல் ஓர் இடத்திலும் இருப்பதே அந்தச் சிலையின் வரலாறு என்றும், சேர்த்தால் வரலாறு கெட்டுவிடும் என்றும் அதில் இருந்தது. பத்திரிகைக்காரர்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.

விருந்து முடிந்த களைப்பில், முண்டக்காரர் மேடையோரம் ஒரு நாற்காலியில் சாய்ந்தார். இத்தனை நாள் கனத்த பாரம் இறங்கிய நிம்மதி. சாவி கோட்டுப் பையில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் தானாக வலது காதுக்குப் போயிற்று. தலை அந்தப் பக்கம் சாய்ந்தது. ஒரு கண் மூடியது, மற்றது பாதியில் சொருகியது. உதட்டோரம் மெல்ல ஒரு புன்னகை பரவியது.

எதிரே ஒரு காமிரா மின்னியது.

"சம்பந்தீ!" என்று தலைக்காரர் மேடையின் அந்தக் கோடியிலிருந்து பாய்ந்து வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார். இழுப்பதற்குள் படம் எடுத்தாகிவிட்டது.

அன்றிரவு இரண்டு சம்பந்திகளும் தூங்கவில்லை. காலையில் பத்திரிகை போடும் பையன் வீசிய தாளை, மண்டப வாசலிலேயே நின்று பிரித்தார்கள். முதல் பக்கத்தில் அரைப்பக்க அளவுக்கு அந்தப் படம். காது, விரல், சொருகிய கண், எல்லாம் துல்லியமாக விழுந்திருந்தது. கீழே இப்படி எழுதியிருந்தார்கள்: "ஈட்டி எறியும் வேந்தனின் வீரத்தையும் மௌன முனிவரின் அமைதியையும் ஒருசேரத் தன் முகத்தில் காட்டி நெகிழும் பெண்ணின் தந்தை."

முண்டக்காரர் அதை இரண்டு முறை படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்காங்க சம்பந்தி" என்றார்.

"ஆழமா எழுதியிருக்காங்க" என்றார் தலைக்காரர்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மறுவாரம் இரண்டு அருங்காட்சியகங்களிலும் கூட்டம் அலைமோதியது. அம்மா பத்திரிகையிலிருந்து அந்தப் படத்தைக் கத்தரித்து எடுத்துப் போய், சட்டம் போட்டு, கிளினிக்கில் நோயாளிகள் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே மாட்டினாள். கீழே பெரிய எழுத்தில் தன் கையாலேயே எழுதினாள்:

"தயவுசெய்து இப்படிச் செய்யாதீர்கள்."